காற்றுக்குக் கொடுக்காதவை

பறவை மருத்துவர் என்று சொன்னால் பெரும்பாலானவர்களுக்குக் கிளிதான் ஞாபகம் வரும். மூக்கு நீண்டுவிட்டது, நகம் வெட்ட வேண்டும், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தது திடீரென்று வாயை மூடிக்கொண்டது என்று கூண்டோடு தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒரு அம்மாள், தன் கிளி வீட்டுக்காரரைக் கன்னாபின்னாவென்று திட்டுகிறது, அதை நிறுத்த மருந்து உண்டா என்று கேட்டார். கற்றுக்கொடுத்தவருக்குத்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தேன். யாரிடமும் முகத்தில் அடித்தாற்போலப் பேசிப் பழக்கமில்லை எனக்கு. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மேடம். உங்களுடன் வந்த காவலர் என் முழங்கையைப் பிடித்த விதத்தைப் பார்த்தால், என்னை ஏதோ முரடன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

இந்த ஸ்டேஷன் ஜன்னலைத் திறக்க வராதா? பரவாயில்லை. பெயின்ட் அடிக்கும்போது கதவையும் சட்டத்தையும் சேர்த்து அடித்துவிட்டார்கள், அதுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டிலும் ஒன்று இப்படி இருக்கிறது. மூடிய அறை எனக்குப் பழக்கம்தான். காற்றடிக்கும் இடத்தில்தான் எனக்கு இருப்புக்கொள்ளாது.

நீங்கள் பறவைகளைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஒளித்துவைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

மலையடிவாரத்தில் இருக்கும் வேட்டைப் பறவைகள் காப்பகத்துக்கு மருத்துவராக நான் வந்தபோது, மலைமுகட்டில் ஒரு காற்றாலைகூட இல்லை. முதல் காற்றாலையை நிறுத்தியபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். புகையில்லாத மின்சாரம். யார் வேண்டாம் என்பார்கள்? காற்றாலையில் சுற்றுவதற்கும் இறக்கை என்றுதான் பெயர். என் மகள் அதைப் பிளேடு என்பாள்; குழப்பம் வராமலிருக்க நானும் அப்படியே சொல்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் பிளேடு தூங்கி வழிவதுபோலத்தான் சுற்றும். ஆனால் அதன் நுனி, நெடுஞ்சாலையில் பறக்கும் எந்தக் காரையும் தோற்கடிக்கும் வேகத்தில் வரும். இது பார்ப்பவருக்குத் தெரியாது. பறவைக்கும் தெரியாது.

முதலில் வந்தது ஒரு பருந்து. லாரி ஓட்டுநர் ஒருவர் கோணியில் சுற்றிக் கொண்டுவந்தார். "வானத்துலேர்ந்து வண்டி மேல பொத்துன்னு விழுந்துச்சு சார். கல்லு எறிஞ்சானுங்களோன்னு பாத்தேன். உசிரு இருக்கு" என்றார். கோணியைப் பிரித்தேன். ஒரு இறக்கை தோளிலிருந்து நார்நாராகத் தொங்கியது. ஓட்டுநர் வெளியே போய் நின்றுகொண்டார். பறவை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. வேட்டைப் பறவை வலியில் கத்தாது, மேடம். பார்க்கும். அவ்வளவுதான்.

ஏன் இவை மட்டும் மாட்டுகின்றன என்று கேட்பீர்கள். மலையில் மோதி மேலே எழும்பும் காற்றுதான் காற்றாலைக்கும் வேண்டும், ராஜாளிக்கும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே இடத்தின் மேல் கண். அதோடு, இரை தேடும்போது ராஜாளி தலையைக் கவிழ்த்துக்கொண்டு தரையைத்தான் பார்க்கும். உலகத்திலேயே கூரான கண் என்கிறோமே, அந்தக் கண்ணுக்கு அப்போது எதிரே வருவது தெரியாது. காலங்காலமாக வானத்தில் எதிரே எதுவும் வந்ததில்லை. அது என்ன செய்யும், பாவம்.

சிட்டுக்குருவி பத்து செத்தால் அடுத்த பருவத்தில் இருபது வந்து நிற்கும். ராஜாளி அப்படியில்லை. கூடு கட்டும் வயதுக்கு வரவே சில வருஷங்கள் ஆகும். அதற்குப் பிறகும் வருஷத்துக்கு ஒரு குஞ்சு, அதிகம் போனால் இரண்டு. அதில் பிழைப்பது எது என்று யாரும் சொல்ல முடியாது. பெண் அடைகாக்கும்போது ஆண்தான் இரை கொண்டுவர வேண்டும். அந்த ஆண் ஒரு பிளேடில் அடிபட்டால் போவது ஒரு பறவை அல்ல. அந்தக் கூடே போயிற்று. எங்கள் மலைத்தொடரில் அப்படி ஒவ்வொரு கூடாகக் காலியாகிக்கொண்டு வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். நான் சொல்லப்போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்றுமில்லை.

என் வீட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். காப்பகத்தின் பின்பக்கம்தான் வீடு. நானும் மகளும். என் மனைவி, "அக்கா வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று போனாள். போனாள், வரவில்லை. மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது என்று மனைவி அவ்வப்போது சொல்வாள். நான் மின்விசிறியை மாற்றிப் பார்த்தேன்.

மகளை நான் சிட்டு என்றுதான் கூப்பிடுவேன். கழுகு டாக்டர் பெண்ணுக்குச் சிட்டு என்று பெயரா என்று பள்ளியில் கேலி செய்வார்களாம். நான் தையல் போடும்போது பறவையின் காலைப் பிடித்துக்கொள்வது அவள்தான். பிடி என்றால் பிடி, அப்படி ஒரு பிடி. கை நடுங்காது. அவளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தேன் என்றால் அது பேச்சுக்குச் சொல்வதில்லை. தோழிகளோடு சுற்றுலா என்றால் நான்தான் காரில் கொண்டுபோய்விட்டு, அங்கேயே காத்திருந்து, அழைத்து வருவேன். நீச்சல் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாள். தண்ணீர் இல்லாத ஊரில் எதற்கு என்று சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

பொறியியல் படித்துவிட்டு, ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது, காற்றாலைக் கம்பெனியில் பராமரிப்பு வேலை கிடைத்திருக்கிறது என்றாள். மேலே ஏறிப் பழுது பார்க்கும் வேலை.

"யாரு ஏறுவாங்க?" என்று கேட்டேன்.

"நான்தான்பா. கோபுரத்துக்குள்ளேயே ஏணி இருக்கும். ரெண்டு கொக்கி எப்பவும் மாட்டியிருக்கும். ஒண்ணக் கழட்டுனா இன்னொண்ணு பிடிச்சுக்கும்."

"அதுங்கதான் நம்ம பறவைகளக் கொல்லுது."

"அதனாலதான் போறேன்" என்றாள். "வெளியே நின்னு திட்டுனா பிளேடு நிக்குமா?"

அவள் பேச்சு அம்மா பேச்சு மாதிரி ஆகியிருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

இப்போது ஒரு ஆண் ராஜாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அடிபட்டு வந்தது பிளேடில் அல்ல, முள்வேலியில். மாதக்கணக்கில் மருந்து போட்டு, பறக்கப் பழக்கி, காலில் அடையாள வளையம் மாட்டி, விடுதலை செய்யும் நாளைக் குறித்தோம். குணமான பறவையை விட்டுவிட வேண்டும் என்பது விதி. மகளும் வந்திருந்தாள். கூண்டைத் திறந்ததும் அது கொஞ்சம் தரையோடு பறந்து, காற்று கிடைத்த இடத்தில் அப்படியே மேலே போயிற்று. மகள் கைதட்டினாள். நானும் தட்டினேன்.

அந்த மாதம் முடிவதற்குள் பைனாகுலர் அக்கா அதைத் திரும்பக் கொண்டுவந்தார். கம்பெனியே சம்பளம் கொடுத்து வைத்திருந்த பறவை ஆய்வாளர் அவர். காற்றாலைகளுக்குக் கீழே நடந்து செத்த பறவைகளைத் தேடுவது அவர் வேலை. கழுத்தில் எப்போதும் பைனாகுலர் தொங்கும், அதனால் ஊரே அப்படிக் கூப்பிடும். பையை என் மேசைமேல் வைத்துவிட்டு, "உங்க வளையம்தான் கால்ல இருக்கு, டாக்டர். ரெண்டு துண்டாயிருக்கு. ஒரு துண்டுதான் கெடச்சுது" என்றார். என் உள்ளங்கையில் இரை தின்ற பறவை. அதைக் கூண்டைத் திறந்து கொலைக்களத்துக்கு அனுப்பியவன் நான். எந்தச் சட்டமும் அதைக் குற்றம் என்று சொல்லவில்லை, பார்த்தீர்களா?

அடுத்து குணமானது ஒரு வல்லூறு. அதையும் விடச் சொல்வார்கள். கூண்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றால், மேலிடத்திலிருந்து யாராவது வந்து, இது நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். பறக்க முடியாத பறவையை மட்டும் யாரும் விடச் சொல்வதில்லை. இதை யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல மாட்டேன். அது கண்ணெதிரே இருந்தது. மயக்க மருந்து கொடுத்து, இடது இறக்கையின் மணிக்கட்டு மூட்டில் வெட்டி எடுத்தேன். ரத்தம் அதிகம் போகவில்லை. சுத்தமான வேலை. பிளேடு செய்வதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சுத்தத்தின் அருமை தெரியும். வல்லூறு விழித்ததும் தத்தித் தத்திப் போய்த் தாழ்ந்த கிளையில் ஏறிக்கொண்டது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது, மேடம். போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று பிழைத்தது என்றால் மற்றவற்றை எப்படி விட்டுவைக்க முடியும்? அடிபட்டு வரும்வரை காத்திருப்பது எனக்குக் கொடூரமாகப் பட்டது. நெருப்பு வைத்த வீட்டுக்கு வெளியே நின்று, தீக்காயத்தோடு ஓடி வருகிறவர்களுக்கு மட்டும் மருந்து போடுவதுபோல. அதனால் நானே மலைமேல் போனேன். கம்பிவலைக் கூண்டு ஒன்று செய்து, உள்ளே எலியை விட்டு, கூண்டின் மேலே நைலான் நூலில் சுருக்குகள் வைத்தேன். எலியைப் பார்த்துப் பாயும் பறவையின் கால் சுருக்கில் மாட்டும். ஆராய்ச்சிக்காரர்கள் வளையம் மாட்டப் பிடிக்கும் அதே முறைதான். அவர்கள் விட்டுவிடுவார்கள், நான் கொண்டுவந்தேன். வித்தியாசம் அவ்வளவே.

காப்பகத்தில் எனக்கு உதவிக்கு இருந்தவரை எல்லோரும் வாளி என்று கூப்பிடுவார்கள். எந்நேரமும் கையில் ஒரு வாளி இருக்கும். தூங்கும்போது தலைக்கு வைத்துக்கொள்வார் என்று மகள் கிண்டல் செய்வாள். ஒருநாள் அவர் கூண்டைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"சார், நேத்து நீங்க தூக்கிட்டு வந்தப்ப இது ரெண்டு இறக்கையையும் படபடன்னு அடிச்சுதே சார்."

"உள்ளே எலும்பு முறிஞ்சிருந்தது. வெளியே தெரியாது."

"எல்லாத்துக்கும் ஒரே பக்கமா சார் முறியுது?"

காற்று ஒரே பக்கமிருந்துதான் அடிக்கிறது என்றேன். அவர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம், மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வேலையை விட்டுப் போனார். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. அதற்குப் பிறகு கூண்டுகளை நானே கழுவினேன்.

மகளுக்கு அப்போது எதுவும் தெரியாது. காலையில் போனால் இருட்டும்போதுதான் வருவாள், உடம்பெல்லாம் கிரீஸ் வாசனையோடு. பறவைகள் நிறைய வருகின்றனவே என்று வருத்தப்படுவாள். பிளேடில் அடிபட்டவை என்று நான் சொன்னதை நம்பினாள். நம்பியதால் சும்மா இருக்கவில்லை. பைனாகுலர் அக்காவும் அவளும் சேர்ந்து கம்பெனியைக் குடைந்துகொண்டே இருந்தார்கள். ராஜாளி பக்கத்தில் வந்தால் காற்றாலையை நிறுத்த வேண்டும்; பார்ப்பதற்கு ஆள் போட வேண்டும்; மூன்று பிளேடில் ஒன்றுக்குக் கறுப்புப் பெயின்ட் அடிக்க வேண்டும்.

"மூணும் வெள்ளையா இருந்தா சுத்தும்போது கலங்கிப் புகை மாதிரி ஆயிடும்பா. ஒண்ணு மட்டும் கறுப்பா இருந்தா ஏதோ அசையுதுன்னு கண்ணுல படும். வேற இடத்துல செஞ்சு பாத்திருக்காங்க, சாவு நல்லாவே கொறஞ்சிருக்கு."

கம்பெனி ஒத்துக்கொண்டது. அந்த வேலைக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவள் அவள். அவள் எங்கேயோ கீழே நின்று வண்ணம் கலப்பாள் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தேன். நிறுத்திவைத்த பிளேடு நேராகத் தரையைப் பார்த்துத் தொங்கியது. அதன் பக்கத்தில், கயிற்றில், என் பெண் தொங்கிக்கொண்டிருந்தாள். காற்று அவளை இப்படியும் அப்படியும் ஆட்டியது. அவள் இடது கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வலது கையால் பூசினாள். கீழே நின்றவனைப் பார்த்துக் கை அசைத்தாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன், அவ்வளவு உயரத்தில் முகம் தெரியவில்லை. நான் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

செத்த பறவைகள் குறைந்தன என்பது உண்மை. அடுத்த பருவத்தில் கிட்டத்தட்ட இல்லை. கம்பெனிக்காரர்கள் கேக் வெட்டினார்கள். மகள் எனக்கும் ஒரு துண்டு கொண்டுவந்தாள். "வேலை செய்யுதுப்பா" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் சாப்பிட்டேன். பறவைகள் ஏன் சாகவில்லை என்று எனக்குத் தெரியும். அவை என்னிடம் இருந்தன. பெருமையை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மலையில் கடைசியாக ஒரே ஒரு ஜோடி ராஜாளி மிச்சமிருந்தது. பாறை விளிம்பில் கூடு. பெண் அடைகாத்துக்கொண்டிருந்தது. பெண்ணைப் பிடிப்பது கஷ்டம், அது முட்டையை விட்டு எழுந்திருக்காது. அதனால் ஆணை முதலில் எடுத்தேன். பெண் காத்திருந்தது. பசி தாங்கும்வரை காத்திருந்தது என்று சொல்ல வேண்டும். பிறகு கீழே இறங்கி என் எலியிடம் வந்தது. முட்டைகளை நான் விட்டுவிட்டு வரவில்லை. பஞ்சில் வைத்துக் கொண்டுவந்து, சூடு காட்டும் பெட்டியில் வைத்தேன். பொரியவில்லை. என்னால் முடிந்ததைச் செய்தேன். இன்று அந்த இரண்டும் ஒரே கூண்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இப்போதெல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. ஆனால் மலைமேல் இருந்திருந்தால் இந்நேரம் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தச் சமயத்தில்தான் மகள் சொன்னாள், கடலுக்குள் காற்றாலை நிறுத்தும் கம்பெனி ஒன்று அவளைக் கூப்பிட்டிருக்கிறது என்று. வேறு தேசம். கரையிலிருந்து படகில் போய், அலைக்கு நடுவே ஏணியைப் பிடித்து ஏற வேண்டுமாம். கறுப்பு பிளேடு விஷயத்தைக் கேள்விப்பட்டுத்தான் கூப்பிட்டார்களாம்.

"எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்டேன்.

"தெரியலப்பா. பிடிச்சிருந்தா அங்கேயே."

"உனக்கு நீச்சல் தெரியாதே."

"கத்துக்கிட்டேன். வேலைக்குச் சேந்த வருஷமே கத்துக்கிட்டேன்" என்றாள். அதை என்னிடம் சொல்லாமல் இருந்ததற்காக அவள் முகம் வாடவில்லை. இரண்டு வருஷமாக அவள் என்னிடம் சொல்லாமல் நீந்திக்கொண்டிருந்திருக்கிறாள். நல்ல விஷயம்தானே என்றேன்.

பெட்டியை எடுக்கப் பரண்மேல் ஏறினாள். முக்காலி சரிந்தது. நான் சரிக்கவில்லை, மேடம், நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம். அது தானாகச் சரிந்தது. அவ்வளவு உயரத்தில் ஏறுகிற பெண், வீட்டு முக்காலியிலிருந்து விழுந்தாள். இடது முன்கை எலும்பில் விரிசல். நான் தொட்டுப் பார்த்ததுமே தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். வீட்டிலேயே டாக்டர் இருக்கும்போது எதற்கு என்றேன். எத்தனை எலும்பைச் சேர்த்த கை இது. அட்டை வைத்துக் கட்டுப் போட்டேன். வலி தெரியாமல் தூங்க ஒரு ஊசி போட்டேன். கண் செருகும்போது, "அப்பா, விரல் மரத்துப்போற மாதிரி இருக்கு" என்றாள். எழுந்ததும் சரியாகிவிடும் என்று நெற்றியைத் தடவினேன். நன்றாகத் தூங்கினாள். நடுவில் விழித்தபோது இன்னொரு ஊசி. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் வீட்டில் ஒரு முழுப் பகல் இருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. ஆஸ்பத்திரிக்கு நானே காரை ஓட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த எலும்பு மருத்துவர் கட்டைப் பிரித்து, விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

"யார் போட்ட கட்டு இது?"

"அப்பா" என்றாள் மகள்.

"நீங்க டாக்டரா?"

"பறவைகளுக்கு" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அறுவை சிகிச்சை செய்தார்கள். கை மிஞ்சியது, பிடி மிஞ்சவில்லை. விரல்கள் உள்பக்கமாக மடங்கியே நின்றுவிட்டன. அந்தக் கையால் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. கயிறும் ஏணியும் எங்கே பிடிப்பது.

அதற்குப் பிறகு வீடு அமைதியாகிவிட்டது. தலை வாரிவிடுவேன். சாப்பாட்டைச் சிறு துண்டாக நறுக்கி வைப்பேன். கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள்தான்; கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை தருகிறோம் என்று அவளுக்குப் போன் செய்தார்கள். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், நான்தான் எடுத்தேன். அவளுக்கு இனி அந்த எண்ணமே இல்லை என்று சொல்லிவிட்டேன். மதிய நேரத்தில் அவள் கூண்டுகளுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். நான் காப்பக வேலையைச் செய்துகொண்டே அவளைப் பார்க்கலாம். என் வாழ்க்கையில் முதல்முறையாக எதுவும் எங்கேயும் போய்விடும் என்ற பயம் இல்லாமல் இருந்தேன். அந்த மாதங்கள் நன்றாக இருந்தன.

போன வாரம் பைனாகுலர் அக்கா அவளைப் பார்க்க வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை, கூண்டு கூண்டாக நின்று பார்த்தார்.

"மலையில காத்தாலைக்குக் கீழ செத்த பறவை ஒண்ணும் இல்ல டாக்டர். மேல பறக்குற பறவையும் ஒண்ணும் இல்ல. எனக்குப் புரியாம இருந்துச்சு" என்றார். பிறகு கடைசி ஜோடியின் கூண்டில் முகத்தை வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார். "பிளேடு அடிச்சா நசுங்கும், டாக்டர். இதெல்லாம் வெட்டு. எல்லாமே இடது பக்கம். எல்லாமே ஒரே மூட்டு."

அவர் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். மகள் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவளும் ஒவ்வொரு கூண்டாகப் பார்த்தாள். அவளுடைய வலது கை, தானாகப் போய், இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. என்னை அவள் பார்க்கவில்லை. ஒரு சத்தமும் போடவில்லை. சாப்பாடு நேரமாயிற்று என்றேன், வந்து சாப்பிட்டாள்.

ஆக, பைனாகுலர் அக்கா உங்களிடம் வந்து சொன்னதெல்லாம் சரிதான். அந்தப் பறவைகளை எல்லாம் நான்தான் பிடித்தேன், நான்தான் வெட்டினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்று. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அரைகுறையாகச் சொல்வது என் வழக்கமில்லை. எலும்பில் விரிசல் விழுந்த இடம் வீங்கும். வீங்க இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டினால் ரத்தம் நின்று, தசை செத்து, நரம்பு செத்துப்போகும். மாணவனாக இருந்தபோது முதல் வருஷமே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அதற்குச் சில மணி நேரம் போதும். அந்த நேரத்தில் வலி பொறுக்க முடியாமல் இருக்கும், அதனால்தான் ஊசி. அவள் துளிகூடக் கஷ்டப்படவில்லை. பறவைகளிடம் காட்டிய அதே கவனத்தை அவளிடமும் காட்டினேன். கட்டு தெரியாமல் இறுகவில்லை, மேடம். நான்தான் இறுக்கினேன். ஒரு கை போனது. உயிர் இருக்கிறது. வீட்டில் இருக்கிறது.

என்ன சொன்னீர்கள்?

பைனாகுலர் அக்கா இல்லையா?

"அவங்க இங்க வரவே இல்ல, சார். புகார் கொடுத்தது உங்க பொண்ணு. இன்னைக்குக் காலைல தனியாத்தான் வந்தாங்க. மெயின் ரோடு வரைக்கும் நடந்து, அங்கேர்ந்து பஸ் பிடிச்சு" என்கிறீர்கள்.

இல்லை, அதில் ஏதோ தவறு இருக்கிறது. எங்கள் வெளிக்கேட்டுக்குப் போட்டிருப்பது காப்பகக் கூண்டின் தாழ்ப்பாள். ஒரு கை அழுத்தினால்தான் இன்னொரு கை இழுக்க முடியும். அவள் விழுந்த பிறகு நானே மாட்டினேன், அவளுடைய பாதுகாப்புக்காக. அதை அவளால் திறக்க முடியாது.

பல்லால் இழுத்தாளா? அவளே சொன்னாளா? உதட்டில் ரத்தம் இருந்ததா?

என்னைக் கொஞ்சம் அவளிடம் கூட்டிக்கொண்டு போங்கள். காயத்தைத் துடைத்து மருந்து போட வேண்டும், வேறு யாரையும் அவள் தொட விடமாட்டாள். பறவைகளைப் பற்றி அவள் கோபத்தில் எதையாவது சொல்லியிருப்பாள், அது வேறு. ஆனால் வலி என்று வந்தால், மேடம், என் பெண் என்னைத் தவிர யாரையும் கூப்பிட மாட்டாள்.